எலி கடிக்காத வயர்

போன வருஷம் மே மாசம், வருசநாட்டு மலைப் பாதையில எங்க மாமாவோட ஜீப் பாதி வழியில எரியப் பார்த்துச்சு. வீட்டுல எல்லாருக்கும் சொன்ன காரணம், "எலி வயரைக் கடிச்சிருச்சு." உண்மையான காரணம் நான்தான். அப்போ ரெண்டாம் வருஷம் ட்ரிப்பிள் ஈ முடிச்சிருந்த, சர்க்யூட் தியரியில நல்ல கிரேடு வாங்கின, அதை ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச நான்.

இந்த இதழுக்கு ஏதாவது எழுதித் தாடான்னு எடிட்டர் கேட்டப்போ முதல்ல காதல் கவிதை ஒண்ணு குடுக்கலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் யோசிச்சா, ஒரு வருஷமா மனசுல கிடக்கிறது இதுதான். நம்ம டிபார்ட்மென்ட் பசங்களுக்கு லேபுக்கு வெளிய ஒரு பாடமாவும் இருக்கும். மத்த டிபார்ட்மென்ட் மக்கள் பயப்பட வேண்டாம், ஓம்ஸ் லாவுக்கு மேல எதுவும் வராது.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். தேனியில இருந்து தெற்க, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை தாண்டி வந்தா வருசநாடு. மூல வைகை எங்க பக்கம்தான் இறங்கி வருது. மழை பெஞ்சா ஆறு, மத்த நாள் மணல். சுத்தி மூணு பக்கமும் மலை. மேல அரசரடி, இந்திரா நகர், பொம்மராஜபுரம்னு ஊர்கள் இருக்கு. அந்தப் பாதைக்கு ஜீப்தான் பஸ்ஸு, ஜீப்தான் லாரி, அவசரத்துக்கு ஜீப்தான் ஆம்புலன்ஸ். ரேஷன் அரிசி மேல போறதும் ஜீப்புல, இலவம் பஞ்சும் முந்திரியும் கீழ இறங்குறதும் ஜீப்புல.

எங்க பக்கம் மட்டும் இல்ல. போடி, கம்பம், கூடலூர்ல விடியக்காலையில போய் நின்னு பாருங்க. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியா கேரளா ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போற சனத்தை ஏத்திக்கிட்டு வரிசையா ஜீப் போகும். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவுல செஞ்ச வில்லிஸ் ஜீப்போட வம்சம்தான் இது எல்லாம். சுதந்திரம் வந்த சமயத்துல மகேந்திரா கம்பெனி அந்த வில்லிஸ் வண்டியை இங்க பூட்டி விக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் பெட்ரோல் போய் டீசல் வந்துச்சு. மாமாகிட்ட இருக்கிறது எம்.எம். 540. பியூஜோ டீசல் என்ஜின், உருண்டை ஹெட்லைட்டு, கேன்வாஸ் கூரை. நீங்க 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்துல டாம் ஓட்டுற 1970 டாட்ஜ் சார்ஜரைப் பார்த்து வாயைப் பிளப்பீங்க. எங்க ஊர்ச் சின்னப் பசங்களுக்கு இந்த 540தான் சார்ஜர்.

மாமான்னா அம்மாவோட தம்பி. ஸ்கூல் முடிச்சதும் ஸ்டியரிங் பிடிச்சவரு. நான் இன்ஜினியரிங் சேர்ந்தப்போ முதல் செமஸ்டர் ஹாஸ்டல் ஃபீஸ் அவர்தான் கட்டுனாரு. அதனாலயோ என்னவோ, லீவுக்குப் போனாலே வண்டியில ஒரு வேலை எனக்காக எடுத்து வெச்சிருப்பாரு. அந்த மே மாசம் போனப்போ சொன்னாரு:

"மாப்ள, நீ கரண்டுக்குத்தானடா படிக்கிற? இந்த ஹெட்லைட்டு மெழுகுவத்தி மாதிரி எரியுது. என்னன்னு பாரு."

ராத்திரி வண்டியை எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். வெளிச்சம் மஞ்சளா பத்தடிக்கு அங்கிட்டுப் போகல. அந்தப் பாதையில ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடங்கு. நடுவுல யானை நின்னாலும் நிக்கும். 2021ல இருந்து அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். தெரு விளக்குன்னு ஒண்ணு அங்க கிடையாது.

இப்போ நான் என்ன செஞ்சிருக்கணும்? பையில மல்டிமீட்டர் இருந்துச்சு. எடுத்து பல்புக்கு எத்தனை வோல்ட் வருதுன்னு பார்த்திருக்கணும். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா நான் செஞ்சது வேற. தேனிக்கு பஸ் ஏறிப் போய், வழக்கமான 60/55 வாட் பல்புக்குப் பதிலா 100/90 வாட் பல்பு ரெண்டு வாங்கிட்டு வந்தேன். ரோட்டுல ஓட்ட இல்ல, ஆஃப்ரோட்டுக்கு மட்டும்னு அட்டையிலயே போட்டிருந்துச்சு. எங்க ஊர் ரோட்டை விட ஆஃப்ரோடு எது இருக்குன்னு சிரிச்சுக்கிட்டே மாட்டினேன்.

போட்டதும் பளிச்சுன்னு எரிஞ்சது. அரை மணி நேரத்துல ஃபியூஸ் போச்சு. 15 ஆம்பியர் ஃபியூஸ். இன்னொண்ணு போட்டேன், அதுவும் போச்சு. அப்போதான் என் வாழ்க்கையிலயே மோசமான இன்ஜினியரிங் முடிவை எடுத்தேன். 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு டப்பாவுல கிடந்துச்சு. அதைச் சொருகினேன். அப்புறம் போகவே இல்ல. மாமாவுக்கு ஒரே பெருமை. ஸ்டாண்டுல நிக்கிற டிரைவர்கள்கிட்ட எல்லாம், "எங்க அக்கா மகன் பார்த்த வேலை"ன்னு லைட்டைப் போட்டுக் காமிச்சாரு.

மூணாவது நாள் சாயங்காலம். அரசரடிப் பக்கத்துல இருந்து இலவம் பஞ்சு ஏத்திக்கிட்டுக் கீழ வந்தோம். காய் உடைச்சுப் பஞ்சு எடுக்கிற சீசன் அது. பின்னால கூரை வரைக்கும் பஞ்சு மூட்டை. மூட்டைக்கு நடுவுல காய் உடைக்கப் போயிருந்த அக்காமாரு மூணு பேரு, ஒரு அப்பத்தா. முன்னால மாமாவும் நானும். இலவம் பஞ்சைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். தலையணைக்குள்ள சாதுவா இருக்கிற அந்தப் பஞ்சு, ஒரு பொறி பட்டா போதும், பிடிச்சுக்கும். அதனாலதான் பஞ்சு ஏத்துன வண்டி பக்கத்துல பீடி கூடப் பத்த வைக்க விட மாட்டாங்க.

ஏழரை மணி இருக்கும். லைட்டு ரெண்டு தடவை கண்ணைச் சிமிட்டுச்சு. அப்புறம் ஒரு நாத்தம். லேப்ல ரியோஸ்டாட் கருகினப்போ வந்துச்சே, அதே நாத்தம். டேஷ்போர்டுக்குக் கீழ இருந்து புகை. மாமா லைட் சுவிட்சை அமத்தினாரு. புகை நிக்கல. சாவியைத் திருப்பினாரு. அப்பவும் நிக்கல. ஆம்பியர் மீட்டர் முள்ளு மைனஸ் பக்கம் போய் முட்டிக்கிட்டு நின்னுச்சு.

"எல்லாம் இறங்குங்க! மூட்டையைத் தள்ளுங்க!"

மாமா ஸ்டாப் கேபிளை இழுத்து என்ஜினை அணைச்சு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டுக் குதிச்சாரு. பானெட்டைத் திறந்தாரு. பேட்டரி டெர்மினலைக் கழட்டணும். நட்டு பச்சை பூத்து இறுகிக் கிடக்கு. ஸ்பேனர் சீட்டுக்குக் கீழ, சீட்டுக்கு முன்னால புகை. அவர் அரிவாளை எடுத்து, பேட்டரியில இருந்து உள்ள போற வயரை ஒரே வெட்டு வெட்டுனாரு. பொறி பறந்துச்சு. அப்புறம் உள்ள வந்து, உருகிக்கிட்டு இருந்த வயர்க் கத்தையை வெறுங்கையால பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டாரு. இவ்வளவும் நடக்கிறப்போ நான் என்ன செஞ்சேன்? நின்னேன். அப்பத்தா கூட ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டுச்சு. நான் நின்னுக்கிட்டே இருந்தேன்.

பஞ்சு பிடிக்கல. ஒரு மூட்டையோட சாக்கு ஓரம் மட்டும் கருகியிருந்துச்சு. டேஷ்போர்டுல இருந்து அந்தச் சாக்குக்கு ஒரு முழம் தூரம் கூட இல்ல.

டீசல் என்ஜினுக்கு ஓடுறதுக்குக் கரண்டு தேவையில்ல. பெட்ரோல் வண்டி மாதிரி ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுக்கின காத்தோட சூட்டுலயே டீசல் பத்திக்கும். ஸ்டார்ட் பண்ணத்தான் கரண்டு வேணும். அதனால இறக்கத்துல உருட்டி, கியர் போட்டு ஸ்டார்ட் பண்ணினாரு மாமா. ஒத்தைக் கையால. லைட்டு கிடையாது. நானும் ஒரு அக்காவும் மொபைல் டார்ச்சை அடிச்சுக்கிட்டு வண்டிக்கு முன்னால நடந்தோம். ரோடு கொஞ்சம் நல்லாகுற இடம் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல நடந்திருப்போம். யாரும் எதுவும் பேசல.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மாமாவோட கையைப் பார்த்து அலறுனாங்க. உள்ளங்கையில வயரோட பிவிசி உருகி ஒட்டியிருந்துச்சு. "என்னாச்சு?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மாமா சொன்னாரு:

"எலி வயரைக் கடிச்சிருக்கு. ஷார்ட் ஆயிருச்சு."

அத்தை என்னைப் பார்த்தாங்க. நான், "ஆமா அத்தை, எலிதான்"னேன்.

அந்த ஒரு வரிதான் ஒரு வருஷமா தொண்டையில நின்னது.

மறுநாள் ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக்கிட்டு, ஜீப்பைக் கட்டி இழுத்துக்கிட்டு ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன்கிட்ட போனோம். ஐ.டி.ஐ. படிச்சவரு. அவர்கிட்ட மாமா எலிக் கதையைச் சொல்லல, நடந்ததைச் சொன்னாரு. அண்ணன் கருகின கத்தையைக் கையில எடுத்து, கசாப்புக் கடைக்காரர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு என்கிட்ட கேட்டாரு:

"தம்பி, ஃபியூஸ் எதைக் காப்பாத்துறதுக்கு இருக்கு?"

"பல்பை"ன்னேன்.

"பல்பு நாப்பது அம்பது ரூவாய்க்கும் கிடைக்கும். அதைக் காப்பாத்த ஒரு ஃபியூஸா? ஃபியூஸ் வயரைக் காப்பாத்துறதுக்குத் தம்பி. வயர் தாங்குறதை விடக் கம்மியாத்தான் ஃபியூஸ் இருக்கணும். நீ வயரைக் காவு குடுத்து ஃபியூஸைக் காப்பாத்திட்ட."

நாலு செமஸ்டர்ல எந்த வைவாவுலயும் யாரும் என்னை இப்படி உட்கார வெச்சதில்ல.

அப்புறம் அவர் விளக்க விளக்கத்தான் எனக்குப் புரிஞ்சது. பழைய ஜீப்புல ஹெட்லைட் கரண்டு போற பாதையைப் பாருங்க. பேட்டரியில இருந்து ஸ்டார்ட்டர், அங்க இருந்து டேஷ்போர்டுல இருக்கிற ஆம்பியர் மீட்டர், அப்புறம் லைட் சுவிட்ச், அப்புறம் ஃபியூஸ், அப்புறம் காலால மிதிக்கிற டிம்-டிப் சுவிட்ச், அப்புறம் முன்னால போய் பல்பு. திரும்பி வர்றதுக்கு வயர் இல்ல, வண்டியோட பாடிதான் எர்த். இந்தப் பாதையில எத்தனை ஜாயின்ட்டு, எத்தனை துரு பிடிச்ச முனை! அதுக்கு மேல பல வருஷமா ஆளாளுக்கு ஒட்டுப் போட்டிருக்காங்க. ஒரு இடத்துல வீட்டு வயரிங்குக்குப் போடுற ஒத்தைக் கம்பி வயரைக் கூட முறுக்கி டேப் சுத்தியிருந்துச்சு. வண்டி குலுங்குற குலுக்கலுக்கு ஒத்தைக் கம்பி தாங்காது. அதனாலதான் வண்டி வயர்ல மெல்லிசான இழைகள் நிறைய இருக்கும்.

இதே மாதிரி இன்னொரு ஜீப் அன்னைக்கு அங்க நின்னுச்சு. அதுல மீட்டர் வெச்சுக் காமிச்சாரு. என்ஜின் ஓடுது, லோ பீம் எரியுது. பேட்டரியில 13.8 வோல்ட். பல்போட ரெண்டு முனைக்கு நடுவுல 10.9. மீதி 2.9 வோல்ட் எங்க? பேட்டரி பிளஸ்ல ஒரு புரோபு, பல்போட பிளஸ்ல ஒரு புரோபு வெச்சா 1.9 காட்டுச்சு. பல்போட எர்த்துலயும் பேட்டரி மைனஸ்லயும் வெச்சா 1.0. கிர்க்காஃப் சட்டம் வருசநாட்டுலயும் வேலை செய்யுது. சப்ளையில குறைஞ்சதுல மூணுல ஒரு பங்கு எர்த்துல. பிளஸ் வயரை மட்டும் மாத்திட்டு எர்த்தைக் கவனிக்காம விடுறவங்கதான் அதிகம்னு அண்ணன் சொன்னாரு.

2.9 வோல்ட்தானேன்னு நினைக்காதீங்க. ஹாலஜன் பல்போட வெளிச்சம் வோல்ட்டேஜோட நேர் விகிதத்துல குறையாது, கிட்டத்தட்ட 3.4ஆவது அடுக்குல குறையும். கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க: 13.8 வர வேண்டிய இடத்துல 10.9 வந்தா, வெளிச்சம் பாதிக்கும் கீழ, 45 சதவீதம். மெழுகுவத்தி மாதிரி எரிஞ்சதுக்குக் காரணம் பல்பு இல்ல, பாதை.

தொலைஞ்ச 2.9 வோல்ட் சும்மாவும் போகல. 55 வாட் பல்பு ரெண்டுன்னா சுமார் 9 ஆம்பியர். 2.9 பெருக்கல் 9, சுமார் 26 வாட். நம்ம லேப்ல இருக்கிற சோல்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது ஒவ்வொரு ராத்திரியும் அந்த வயர்லயும் ஜாயின்ட்டுலயும் ஒரு சோல்டரிங் அயர்னைப் பிச்சுப் பிச்சு ஒளிச்சு வெச்ச மாதிரி. இந்த நிலைமையில இருந்த வயர்லதான் நான் 90 வாட் பல்பு ரெண்டு போட்டேன். 9 ஆம்பியர் 15 ஆச்சு. சூடு கரண்டோட இருமடிக்கு ஏறும், அது ப்ளஸ் டூ பாடம். கிட்டத்தட்ட 2.7 மடங்கு சூடு. ஃபியூஸ் ரெண்டு தடவை வெடிச்சு, "வேண்டாம்டா"ன்னு சொல்லுச்சு. நான் அதோட வாயை அடைச்சுட்டேன்.

சுவிட்சை அமத்தியும் ஏன் நிக்கல? அதுதான் எனக்குப் புரியாம இருந்துச்சு. ஃபியூஸ் இருந்தது சுவிட்சுக்கு அப்புறம். பேட்டரியில இருந்து சுவிட்ச் வரைக்கும் வர்ற வயருக்கு ஃபியூஸே கிடையாது. அந்த வயர்தான் சூடாகி, மேல இருந்த பிவிசி உருகி, டேஷ்போர்டு தகரத்துல ஒட்டி நேரா எர்த் ஆயிருச்சு. அதுக்கு அப்புறம் சுவிட்ச், சாவி, என்னோட 30 ஆம்பியர் ஃபியூஸ் எல்லாமே வேடிக்கை பார்க்கத்தான். பேட்டரியைப் பிரிச்சாத்தான் நிக்கும். மாமாவுக்கு இந்தத் தியரி எதுவும் தெரியாது. ஆனா அரிவாளை எடுத்து வெட்டினது சரியான வயரை. அதுக்கு முன்னால என்ஜினை அணைச்சதும் சரி. ஆல்டர்னேட்டர் ஓடிக்கிட்டு இருக்கிறப்போ பேட்டரியைப் பிரிச்சா வோல்ட்டேஜ் எகிறி டயோடு போயிடும்.

இதுல ஒரு ஆறுதல். ஹாஸ்டலுக்கு வந்து தேடிப் படிச்சப்போ தெரிஞ்சது, டாமோட சார்ஜர் வம்சத்துக்கும் இதே வியாதி உண்டு. 60, 70கள்ல வந்த கிரைஸ்லர் குடும்பத்து மசில் கார்கள்ல வண்டியோட மொத்தக் கரண்டும் டேஷ்போர்டு ஆம்பியர் மீட்டர் வழியா, என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகரத்துல ஒரு கனெக்டர் வழியா போய் வரும். வயசாக வயசாக அந்தக் கனெக்டர் முனை துரு ஏறிச் சூடாகி உருகும். அங்க அந்தக் கார்களைப் புதுப்பிக்கிறவங்க பலரும் ஆம்பியர் மீட்டரைப் பைபாஸ் பண்ணி வோல்ட் மீட்டர் போடுறாங்க. பழைய இங்கிலீஷ் கார் பிரியர்கள் லூகாஸ் கம்பெனியை 'இருட்டின் இளவரசன்'னு கேலி பண்ணுவாங்க. அந்த லூகாஸோட சேர்ந்துதான் டி.வி.எஸ். 1961ல சென்னை பாடியில லூகாஸ்-டி.வி.எஸ். ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர் மெக்கானிக்குக் கையில பழகின ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் அங்க இருந்து வந்ததுதான். எட்டு சிலிண்டர் சார்ஜரோ, எங்க 540யோ, கரண்டுக்கு வித்தியாசம் தெரியாது.

மூணு நாள் அண்ணன்கிட்டயே உட்கார்ந்து வேலை பார்த்தேன். மாமா கையில கட்டோட டீக்கடையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பாரு. என்னென்ன செஞ்சோம்னு சொல்றேன். வீட்டுல பழைய வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு உதவும்.

முதல் வேலை எர்த். பேட்டரி மைனஸ்ல இருந்து சேசிஸுக்கு ஒண்ணு, என்ஜினுக்கு ஒண்ணு, பாடிக்கு ஒண்ணு. போல்ட்டு உட்காருற இடத்துல பெயின்ட்டையும் துருவையும் பளபளன்னு ஆகுற வரைக்கும் சுரண்டி, முறுக்கி, மேல கிரீஸ் தடவினோம்.

அடுத்தது ரிலே. லோ பீமுக்கு ஒண்ணு, ஹை பீமுக்கு ஒண்ணு. ரிலேயில நாலு கால் இருக்கும். 85, 86 காயில். 30ல பேட்டரி சப்ளை, 87ல பல்பு. இப்போ டேஷ்போர்டு சுவிட்சும் டிம்-டிப்பும் காயிலுக்கு மட்டும்தான் கரண்டு குடுக்கும், 0.2 ஆம்பியருக்கும் கீழ. பல்புக்குப் போற கனமான கரண்டு பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவுல குட்டைப் பாதையில, 2.5 ஸ்கொயர் வயர்ல போயிடும். டேஷ்போர்டுப் பக்கமே வராது. தாசில்தார் கையெழுத்து மட்டும் போடுவாரு, மூட்டை தூக்குறது வேற ஆளுன்னு அண்ணன் சொன்ன உதாரணம் எந்தப் புக்லயும் கிடையாது.

அப்புறம் ஃபியூஸ். பேட்டரி பக்கத்துலயே, ஒரு சாண் தூரத்துக்குள்ள மெயின் ஃபியூஸ். அதுக்கு அப்புறம்தான் மத்த எல்லாமே. ஹெட்லைட்டுக்கு இடதுக்குத் தனி, வலதுக்குத் தனி, ஒவ்வொண்ணும் 10 ஆம்பியர். ஒண்ணு போனாலும் ஒரு கண்ணாவது தெரியணும். ஸ்டார்ட்டருக்குப் போற தடி வயருக்கு மட்டும் ஃபியூஸ் இல்ல. அது ஸ்டார்ட் பண்ற நேரம் நூத்துக்கணக்குல ஆம்பியர் இழுக்கும். அதனால அது எங்கயும் உரசாம, தகரத்துல தொளை வழியா போற இடத்துல ரப்பர் வாசர் போட்டு, கிளிப் வெச்சுக் கட்டினோம்.

ஜாயின்ட்டுல நான் சோல்டர் பண்ண அயர்னை எடுத்தேன். அண்ணன் பிடுங்கி வெச்சுட்டாரு. சோல்டர் இறங்கின இடத்துல இழை எல்லாம் ஒண்ணாகிக் கம்பி மாதிரி விறைச்சுக்கும். குலுங்குற வண்டியில அந்த விறைப்பு முடியுற இடத்துலதான் ஒடியும். சரியான சைஸ் லக்கு வெச்சு, கிரிம்பிங் டூல்ல அமுக்கி, மேல ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டணும். கட்டிங் பிளேயரால கடிச்சு அமுக்குறது கிரிம்பிங் இல்லைன்னும் திட்டு வாங்கினேன்.

ஆம்பியர் மீட்டரை எடுத்துட்டு வோல்ட் மீட்டர். என்ஜின் நிக்கிறப்போ 12.6 பக்கம், ஓடுறப்போ 14 பக்கம் காட்டணும். ஓடியும் 13க்குக் கீழ நின்னா சார்ஜ் ஆகலைன்னு அர்த்தம். கடைசியா, டிரைவர் சீட்டுப் பக்கத்துல பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச், லாரியில இருக்குமே, அது. இனிமே அரிவாள் வேண்டாம்.

பல்பு? பழைய 60/55தான். எல்.ஈ.டி. போடலாமான்னு கேட்டேன். "அந்தக் கிண்ணம் ஹாலஜன் இழை இருக்கிற இடத்துக்குன்னு செஞ்சது. வேற எதையோ சொருகினா வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். கிடங்கு ஓரத்துல எதிர்ல வர்றவனுக்கும் கண்ணு தெரியணும்ல?"ன்னாரு.

முடிச்சதும் மீட்டர் வெச்சோம். பேட்டரியில 13.8, பல்புல 13.4. அதே 55 வாட் பல்புல, அந்த இன்னொரு ஜீப்பை விட ரெண்டு மடங்கு வெளிச்சம். முதல் நாளே மீட்டரை எடுத்திருந்தா, இதுதான் விடைன்னு தெரிஞ்சிருக்கும்.

வண்டியை ஓட்டிக்கிட்டு வர்றப்போ மாமாகிட்ட கேட்டேன், "ஏன் மாமா எலின்னு சொன்னீங்க?"

கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. "உண்மையைச் சொல்லியிருந்தா அதுக்கு அப்புறம் நீ வண்டியைத் தொட்டிருக்க மாட்ட. உன்னையத் தொடவும் விட்டிருக்க மாட்டாங்க. தப்பைச் செஞ்சவன்தான்டா அதைச் சரி பண்ணவும் கத்துக்கணும்."

அதுக்கு நான் பதில் சொல்லல. அவர் கையில கட்டு இருந்துச்சு.

இந்தக் கட்டுரையை எழுதி முடிச்சதும் ஒரு சிக்கல் வந்துச்சு. மாமா மக இந்த வருஷம் நம்ம காலேஜ்லதான் சேர்ந்திருக்கு. இந்த இதழோட லிங்க் அவ கிளாஸ் குரூப்புக்கும் போகும். லிங்க் வழியா அத்தைக்குத் தெரியுறதை விட என் வாயால தெரியட்டும்னு போன வாரம் ஊருக்குப் போனேன். அத்தை அடுப்படியில இருந்தாங்க. பல்பு, ஃபியூஸ், பஞ்சு மூட்டை, நான் நின்னுக்கிட்டே இருந்தது எல்லாத்தையும் சொன்னேன்.

அத்தை திரும்பிக் கூடப் பார்க்கல. குழம்பைக் கிண்டிக்கிட்டே சொன்னாங்க:

"எனக்கு அன்னைக்கே தெரியும். எலின்னு சொன்னாருன்னு வண்டிக்கு அடியில ஒரு வாரம் எலிப்பொறி வெச்சேன். ஒரு சுண்டெலி கூட விழல. நீயா சொல்றியான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு வருஷம் ஆக்கிட்ட. சரி, கையைக் கழுவிட்டு வா, சாப்பிடு."

சாப்பிட்டு முடிச்சு வெளிய வந்தா, மாமா பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. உள்ளங்கையில அந்த வயர் போன தடம் இன்னும் வெள்ளையா இருக்கு.

"மாப்ள, வலது பக்க இண்டிகேட்டர் வேகமா அடிக்குது. என்னன்னு பாரு."

இந்தத் தடவை முதல்ல மீட்டரை எடுத்தேன்.